நித்தியண்ணையின் கில்ட்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி எனக்கு, இரண்டாம் மாடி நித்தியண்ணைக்கு. முழுப்பெயர் நித்தியானந்தன். சுவிஸில் இந்த லாங்கன்தால் ஊரில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று விழிப்பார்கள். பாவாடை அண்ணை என்றால் உடனே தெரியும். அந்தப் பெயர் பரவுவதற்குக் காரணம் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஜெயகௌரி தன் பிழையை மறைத்து எழுதினாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆளைப் பார்த்தால் ஒரு விசேஷமும் தெரியாது. ஐம்பத்தெட்டு வயது, நடுத்தர உயரம், முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்து, பத்து வருடம் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பிறகு லாங்கன்தாலில் இயந்திர உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தார். குடி இல்லை, புகை இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம், விரல் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசை, கதிரைக் கை, கார்க் கதவு, கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது கையில் இருக்கும் வெறும் தட்டு, எல்லாவற்றிலும் தாளம்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாண்ட் வாத்தியத்தில் டிரம் அடித்தவர். பதினேழு வயதில் அந்தத் தடிகளைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை.

இன்டர்லாக்கனில் ஒரு கோடையில் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு கூட்டம் வந்து அதே ஹோட்டலில் தங்கியது. அவர்களில் நாலு பேர் முற்றத்தில் நின்று வாசித்தார்கள். இரண்டு பேரிடம் காற்றுப்பை வைத்து ஊதும் பைப், இரண்டு பேரிடம் டிரம். எல்லோரும் இடுப்பில் கில்ட் கட்டியிருந்தார்கள். முழங்கால் வரை வரும், பின்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தைத்த, கட்டம் போட்ட கம்பளித் துணி. குப்பை வாளியோடு பின்கதவால் வந்த நித்தியண்ணை அப்படியே நின்றுவிட்டார். தலைமைச் சமையற்காரர் வந்து கத்தும்வரை தான் வாளியில் தாளம் போட்டுக்கொண்டு நின்றது அவருக்கே தெரியாதாம்.

"முழங்கால் தெரிய நிக்கிறாங்கள் ஜெயகௌரி. சனம் சுத்திவர நிண்டு பாக்குது. ஒருத்தனுக்கும் கூச்சமில்லை," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "நான் இந்த நாட்டிலை தலையைக் குனிஞ்சபடி எட்டு வருசம். எனக்கும் ஒருக்கா அப்பிடி நிக்கோணும் எண்டு கிடந்தது."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். இவருடைய ஆசைக்கு வெட்கம் நன்றாகத் தெரியும். அதனால்தான் இருபது வருடத்துக்கு மேல் வாய் திறக்காமல் உள்ளேயே கிடந்தது.

அதை வெளியே எடுத்தவர் வெர்னர். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர், ஆறரை அடி உயரம், சிவந்த முகம். சோலோதுர்னில் பதினாறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு பைப் பாண்டில் வெர்னர் பைப் ஊதினார். அந்தப் பதினாறு பேரில் ஒருவர்கூட ஸ்கொட்லாந்துக்காரர் இல்லை. ஒருவர் தபால்காரர், ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் மாடு வளர்ப்பவர். எல்லோரும் அசல் சுவிஸ்காரர். இடைவேளையில் நித்தியண்ணை கோப்பிக் குவளையில் அடித்த தாளத்தைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு ஒரு டிரம்காரன் குறைகிறான், வா என்று வெர்னர் கூப்பிட்டார். இது ஏழு வருடத்துக்கு முந்திய கதை.

அளவு கொடுத்து, ஸ்கொட்லாந்தில் தைத்து, ஐந்து மாதம் கழித்துக் கில்ட் வந்தது. கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டம், எட்டு யார் கம்பளி. முதல்நாள் அதைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர் மடிப்புகளை முன்னால் விட்டுக் கட்டியிருந்தார். சேலைக்குக் கொய்யகம் முன்னால்தானே வரும், வேட்டிக்கும் அப்படித்தானே, இதற்கு மட்டும் பின்னால் வரும் என்று யார் கண்டது? பதினாறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தார். அங்கே சிரித்த சிரிப்பு அவருக்கு வலிக்கவில்லை.

வீட்டில்தான் வலித்தது. அவருடைய மனைவி புனிதவதி, எனக்குப் புனிதாக்கா, அந்தக் கில்ட்டைக் கண்ட நாளிலிருந்து தொட்டதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், துணி மடிப்பில் அவவை மிஞ்ச இந்த நாட்டில் ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை போக, பேர்ணில் இருந்து பாசல் வரை கலியாண வீடுகளுக்குச் சேலையை முன்கூட்டியே மடித்து, அயர்ன் பண்ணி, பெட்டியில் வைத்துக் கொடுப்பது புனிதாக்காதான். இறக்கி வைத்தால் கொய்யகம் பத்தும் ஒரே அகலத்தில் நிற்கும். ஒரு பெண் வாசலால் வரும்போதே இடுப்பு இத்தனை அங்குலம், கை இத்தனை அங்குலம் என்று கண்ணாலேயே அளந்துவிடுவா. அப்படிப்பட்ட கைக்காரியின் வீட்டில் நித்தியண்ணை தன் கில்ட்டைத் தானே கோணல் மாணலாக அயர்ன் பண்ணுவார். அவ பக்கத்தில் நின்று பட்டுச்சேலை மடிப்பா.

அடுத்த ஆண்டு ஆனியில் சோலோதுர்னில் நகர விழா ஊர்வலம். நான் அங்கே தற்செயலாக நின்றேன். பாண்ட் வருகிறது, கடைசி வரிசையில் எங்கள் நித்தியண்ணை கில்ட்டோடு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடித்து வருகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீடியோ எடுத்து ஒரே ஒரு சிநேகிதிக்கு அனுப்பினேன். சத்தியமாக ஒருத்திக்குத்தான். பின்னேரம் ஆவதற்குள் அது சூரிச், ஜெனிவா, லண்டன், கனடா எல்லாம் போய்த் திரும்ப எனக்கே வந்தது. "அண்ணை பாவாடையோடை" என்று கீழே எழுத்து வேறு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊர் வாய் அன்றைக்கு என் முகத்தில்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன். நித்தியண்ணை "பகிடிதானே, விடு" என்றார். புனிதாக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. ஏசப்போகிறா என்று நினைத்தேன். அவ ஒரு கதை சொன்னா.

"நான் வந்து ரெண்டு கிழமை. இவர் இடுப்பிலை கட்டின சாரத்தோடை கீழை கடிதப்பெட்டி திறக்கப் போனவர். நானும் பின்னாலை போனன். அந்த நேரம் அங்கை நிண்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் இவரைப் பாத்து அவங்கடை பாஷையிலை பாவாடை எண்டு சிரிச்சு, மற்றவையையும் கூப்பிட்டுக் காட்டினவன். ஒருத்தி போட்டோ எடுத்தவ. அடுத்த கிழமை வீட்டுச் சொந்தக்காரரிட்டை இருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. சோஷியல் ஒபிசிலை குடுத்தால், அங்கை இருந்த பெட்டை சத்தமா வாசிக்கிறா, 'பொது இடத்திலை ஒழுங்கான உடுப்பு உடுக்கவும்' எண்டு. இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறார். எனக்கு அந்த இடத்திலையே செத்துப்போகலாம் போலை கிடந்தது."

அடுப்பில் இருந்த கேத்தலை இறக்கி வைத்தா.

"அண்டையிலை இருந்து முப்பது வருசம், ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பாக்கக் கூடாது எண்டுதான் நான் சீவிக்கிறன். இவர் இப்ப சனத்தைக் கூட்டி வைச்சுப் பாருங்கோ எண்டு காட்டுறார். என்னாலை அதைப் போய்ப் பாக்கேலாது, ஜெயகௌரி."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, அவ கோபக்காரி இல்லை, பயந்தவ. பயத்தோடு வாதாட முடியுமா?

நித்தியண்ணையும் வாதாடவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் ஊர்வலத்துக்கு முதல்நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு தரம் கேட்பார். "நாளைக்கு வாறீரோ?" அவ "எனக்கு வேலை" என்பா. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்று அவருக்கும் தெரியும். அதோடு கதை முடியும். ஆனால் ஊர்வலத்தில் போகும்போது அவர் கண் சும்மா இருக்காது. பாண்டில் நேராகத்தான் பார்க்க வேண்டும், தலை திருப்பினால் முன்னால் போகிற தலைவர் ஏசுவார். இவர் ஏச்சு வாங்கிக்கொண்டே தேடுவார்.

"அவவிட்டை ஒரு பச்சைக் குளிர்ச்சட்டை இருக்கெல்லோ," என்று என்னிடம் சொன்னார். "சனத்துக்கை எங்கையாவது பச்சை கண்டால் என்ரை கை தாளத்தை விட்டிடும். கிட்டப் போனால் வேறை யாரோ. ஆறு வருசமா உதே கதை. அவ கைதட்ட வேண்டாம். ஒருக்கா நிண்டு பாத்தால் காணும்."

வேறொன்றும் அந்த மனிதன் கேட்கவில்லை. சொந்தப் பெண்சாதி தெருவோரம் நின்று தன்னை ஒருக்கால் பார்க்க வேண்டும்.

போன மாரியில் வெர்னர் வருத்தம் பிடித்து, நோய் கடுமையாகி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். புனிதாக்காவுக்கு வெர்னரில் நல்ல விருப்பம். ஒவ்வொரு வருடமும் தன் மரத்துச் செரிப்பழம் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவ சுட்ட உழுந்துவடை எட்டுத் தின்றுவிட்டுப் போகிற ஆள். அவ ஆஸ்பத்திரிக்குக் கோழி சூப் கொண்டுபோனா. அப்போது வெர்னர் அவவின் கையைப் பிடித்து, "இந்த ஆனியில் நீ வந்து பார்க்க வேண்டும், உன் புருஷன் எங்கள் எல்லோரையும் விட நன்றாக அடிக்கிறான்," என்று சொன்னார். "பாப்பம்" என்றா. புனிதாக்காவின் வாயில் பாப்பம் என்ற சொல் முக்கால்வாசி ஓம். வீட்டுக்கு வந்து நித்தியண்ணையிடம் அவ அதைச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னா. நான் இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இனித்தான்.

சித்திரை மாதத்தில் வெர்னர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சோலோதுர்னில் அடக்கம். பாண்ட் முழு உடுப்போடு போய்க் குழியடியில் வாசித்தது. வெர்னரை அவருடைய கில்ட்டோடுதான் பெட்டியில் வைத்தார்கள். புனிதாக்காவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தா. நித்தியண்ணை திரும்பி வரும்போது அவ வாசலில் துவாயோடு நின்றா.

"உள்ளை வராதேங்கோ. எல்லாத்தையும் உதிலை கழட்டிப் போட்டிட்டு நேரை போய்க் குளியுங்கோ."

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் குளித்து, உடுத்தது முழுவதையும் தோய்க்காமல் வீட்டுக்குள் எடுப்பதில்லை. எங்கள் சனத்துக்கு இது சொல்லித்தெரிய வேண்டியதில்லை. நித்தியண்ணை அழுத கண்ணோடு துவாயைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனார். அவர் கழற்றிப் போட்டதை அவ கீழே விரித்திருந்த பழைய விரிப்போடு நாலு மூலையும் சேர்த்து மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு நிலவறையில் இருக்கும் தோய்ப்பறைக்கு வந்தா. எங்கள் கட்டடத்தில் ஒரேயொரு மெஷின்தான், வீட்டுக்கு ஒரு நாள். வெள்ளி என்னுடைய நாள். நான் அங்கே நின்றேன்.

"ஒருக்கா விடு ஜெயகௌரி, செத்தவீட்டு உடுப்பு."

"அக்கா, வெள்ளைக்காரற்றை செத்தவீட்டுக்குமோ?"

"வெள்ளைக்காரன் எண்டால் செத்தவீடு இல்லையோ? வெர்னர் எங்கடை ஆள்."

மூட்டையை அவிழ்க்காமல், பார்க்காமல், அப்படியே மெஷினுக்குள் தள்ளி, செத்தவீட்டு உடுப்புக்கு எப்போதும் வைப்பது போல அறுபது பாகையில் வைத்து அமத்தினா. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் மூளையில் தட்டவில்லை. மெஷின் சுற்றியது. நாங்கள் இருவரும் வெர்னரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருந்தோம், செரிப்பழத்தைப் பற்றி.

கதவைத் திறந்து விரிப்பை இழுத்தபோது அதற்குள்ளிருந்து விழுந்தது என்னவென்று முதலில் தெரியவில்லை. கால்மிதி போலத் தடித்து, இறுகி, மடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பத்து வயதுப் பிள்ளைக்கும் போதாத அளவில் ஒரு பச்சைத் துணி. கம்பளியை அறுபதில் போட்டால் என்ன ஆகும் என்று பட்டுச்சேலைக்காரிக்குத் தெரியாதா என்று பிறகு சிலர் கேட்டார்கள். வேண்டுமென்றே செய்தாளாம். நான் அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஏழு வருடம் தொடாத துணியை அவ இரண்டு கையாலும் பிடித்து, மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தா. பிரியவில்லை. திரும்பத் திரும்பப் பிரித்தா. வேண்டுமென்று செய்தவள் அப்படிப் பிரித்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

மேலே கொண்டுபோய்க் காட்டியபோது நித்தியண்ணை அதை வாங்கிப் பார்த்தார். மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார்.

"ஏசியிருந்தால் ஆறியிருப்பன்," என்று புனிதாக்கா எனக்குப் பிறகு சொன்னா. "அவர் என்னைப் பாத்த பார்வையிலை, நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு நினைக்கிறார். இல்லை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? ஏழு வருசம் நான் நடந்துகொண்ட மாதிரிக்கு ஆர் நம்புவினம்?"

பாண்டில் மேலதிகக் கில்ட் இல்லை, உடுப்பில்லாமல் வரிசையில் நிற்கவும் விடமாட்டார்கள். புதிது தைத்து வர மாதக்கணக்காகும். ஆனால் நித்தியண்ணை புதிதுக்கு அளவே கொடுக்கவில்லை. பயிற்சிக்கும் போகாமல் விட்டார். வேலைக்குப் போவார், வருவார், சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும். ஒருநாள் என்னிடம் வந்து சுத்தியலும் ஆணியும் கேட்டார். எதற்கென்றால், பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போடவாம். வாழ்க்கை முழுக்கத் தாளம் போட்ட விரல்கள் மேசையில் சும்மா கிடந்தன. முன்பெல்லாம் "உந்தத் தட்டலை நிப்பாட்டுங்கோ, தலை இடிக்குது" என்று கத்துகிற புனிதாக்கா, "மேசை சத்தமில்லாமல் கிடக்கு ஜெயகௌரி, எனக்கு வீட்டுக்கை இருக்கப் பயமாக் கிடக்கு" என்றா.

ஆனி வந்தது. ஊர்வலத்துக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவதான் கேட்டாவாம். "நாளைக்கு ஜெயகௌரியின்ரை காரிலை சோலோதுர்ன் போவமோ?"

"நான் இல்லாத வருசம் பாத்து வாறீரோ?" என்றார் நித்தியண்ணை. அந்த இரண்டு மாதத்தில் அவர் அவவைக் குத்திச் சொன்ன ஒரே சொல் அதுதான். அவ அதை வாங்கிக்கொண்டா. ஆனாலும் மறுநாள் இருவரும் என் காரில் ஏறினார்கள்.

நல்ல வெயில். அந்த வெயிலுக்குள் புனிதாக்கா பச்சைக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தா. நான் ஏனென்று கேட்கவில்லை. பழைய நகரத்து வாசலுக்குப் பக்கத்தில், இரும்புத் தடுப்போடு ஒட்டி முன்வரிசையில் நின்றோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், தீயணைப்புக்காரர் போனார்கள். பிறகு தூரத்தில் பைப் சத்தம் கேட்டது.

நித்தியண்ணையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். இரும்புத் தடுப்பில் விரல்கள் அடிக்கத் தொடங்கின. முதலில் மெல்ல, பிறகு அரை மனதோடு, பிறகு முழுதாக. இரும்பு கணகணவென்றது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவன் சிரித்தான். இதுவரை காலமும் புனிதாக்கா இப்படியான நேரத்தில் அவர் கையைப் பிடித்து அமத்திவிடுவா. அன்றைக்கு அவ கையைத் தூக்கவில்லை.

பாண்ட் எங்களுக்கு நேரே வந்தது. அவ அவருடைய காதடிக்குக் குனிந்தா.

"நீங்கள் எதிலை நிக்கிறனீங்கள்?"

அவர் விரலை நீட்டினார். கடைசி வரிசையில் நாலு டிரம் வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. ஓரத்தில் அவருடைய இடத்தை அவர்கள் நிரப்பாமல், வெறுமையாகவே விட்டு நடந்தார்கள். அதற்குப் பிறகு புனிதாக்கா வேறெதையும் பார்க்கவில்லை. அந்த வெறும் இடம் எங்களைக் கடந்து போய், வளைவில் திரும்பி மறையும்வரை, கழுத்தை எட்டி எட்டி அதையே பார்த்தா. ஆறு வருடம் அவர் அங்கிருந்து இவவைத் தேடினார். இவ வந்து நின்றபோது அங்கே அவர் இல்லை. நான் என் பாட்டுக்கு அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். அவர் முன்னால், அவ பின்னால். பாதித் தூரம் வந்திருப்போம்.

"உவையின்ரை கில்ட் மடிப்பிலை ரெண்டு பேருக்குத்தான் ஒழுங்கு," என்றா புனிதாக்கா யன்னலைப் பார்த்தபடி. "மற்றதெல்லாம் கோணல்."

அவர் தன் பக்கத்து யன்னலை இறக்கினார்.

"புதுசுக்கு எழுதிப்போடுங்கோ. வந்தால் அயர்ன் பண்ணுறது நான். நீங்கள் தொடக் கூடாது."

எனக்குப் பொறுக்கவில்லை, "அண்ணை, அளவு என்னெண்டாவது சொல்லுங்கோவன்" என்றேன். லாங்கன்தால் பலகை தெரியும்வரை அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இடுப்பு முப்பத்தெட்டு."

"அது வெர்னர் இருக்கேக்கை," என்றா அவ பின்னாலிருந்து. "இப்ப முப்பத்தாறு."